பேசாத பிள்ளைக்கு நாய்த்துணை



“டீச்சர், நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தா பையன் பேசுவானா?” நம் தெலுக் பங்லிமா காராங்கில் ஆட்டிசம் உள்ள சிறுவனின் தாயார் அண்மையில் என்னிடம் இவ்வாறு கேட்டார்.

இக்கேள்வி புதிதன்று. எவரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்ஸுடன் தானாகவே பழகியதைக் கண்ட அமெரிக்க உளவியலர் போரிஸ் லெவின்சன், 1962இல் அதுபற்றிக் கட்டுரை எழுதினார். சென்னை புளூ கிராஸ் அமைப்பும் ‘டாக்டர் டாக்’ திட்டத்தின்கீழ்ச் சிறப்புக் குழந்தைகளிடம் நாய்களை அழைத்துச் சென்றதுண்டு. 2022இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், வாரம் இருமுறை 20 நிமிடம் நாயோடு இருந்த மாணவர்களிடம் மன அழுத்தம் குறைவாகக் காணப்பட்டது. சிறப்புக் கல்வி மாணவர்களும் அவர்களுள் அடங்குவர்.

காரணம் எளிது என்பேன். நாய் உச்சரிப்பைத் திருத்துவதில்லை; விடைக்கு அவசரப்படுத்துவதுமில்லை. (நாம்தாம் காத்திருப்பதில்லை!)

ஆயினும் அவை பழக்கப்பட்ட நாய்கள்; உடன் பயிற்றுநரும் இருப்பார். கடையில் வாங்கும் குட்டி அத்தகையதன்று. குரைப்பொலி கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது துன்பமாகவே முடியலாம். தடுப்பூசி, நகராண்மைக் கழக உரிமம், அன்றாட நடை எல்லாம் தாயின் தலையில்தான் விழும். தாமான் வீடுகளில் சுவர் ஒன்றே. மலாய் அண்டை வீட்டாரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும்.

ஆகவே, வாங்குமுன் நாய் வளர்க்கும் உறவினர் வீட்டுக்குச் சில வாரம் அழைத்துச் சென்று பாருங்கள் என்றேன். வரும் ஞாயிறு பந்திங்கிலுள்ள தம்பி வீட்டுக்குப் போகிறாராம்.