ஜபர்தஸ்து

"'ஜபர்தஸ்து செய்யாதீர்கள்' என்று என் கணவரிடம் கூறினால், 'உர்தூவில் அது பாராட்டுச் சொல்' என்று சிரித்து மழுப்பிவிடுகிறார். எது சரி?" எனச் சகோதரி ஒருவர் வினவியுள்ளார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஜபர்தஸ்த் என்பது பாரசீகச் சொல். 'ஜபர்' என்றால் மேலே. 'தஸ்த்' என்றால் கை. கையொப்பத்தைக் குறிக்கும் தஸ்கத்து, ஆவணத்தைக் குறிக்கும் தஸ்தாவேஜு ஆகியவற்றில் இருப்பதும் இதே கைதான். மேலோங்கிய கையை உடையவர், அதாவது வலிமை மிக்கவர் என்பது சொல்லின் அடிப்படைப் பொருள். உர்தூவில் ஜபர்தஸ்த் என்றால் மிகச் சிறப்பானது. ஈற்றில் ஈகாரம் பெற்று ஜபர்தஸ்தீ ஆனால் வலுக்கட்டாயம்.

கட்டாயத்தைக் குறிக்கும் 'ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லே இதன் மூலம் எனக் கருதுவோரும் உளர். அது ஜீம் எழுத்தில் தொடங்குவது; இது ஸாய் எழுத்தில் தொடங்குவது. தமிழில் இரண்டையும் ஜகரத்தால் எழுதுவதால் இம்மயக்கம் நேர்ந்தது.

ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் பாரசீகம் அரசு மொழியாக விளங்கியது. தாசில்தார், வசூல், ஜப்தி முதலிய சொற்கள் அத்தகைய ஆட்சிமொழி வழக்கின் எச்சங்கள். ஜபர்தஸ்தும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் தமிழில் அதற்குப் பாராட்டுப் பொருள் கிடையாது. அதிகாரத் தோரணை காட்டுதல், மிரட்டிப் பணியவைத்தல் என்பவையே பொருள். தமிழில் பேசும் மனைவியின் சொல்லுக்குத் தமிழ்ப் பொருளைக் கொள்வதே முறை.

கண்டிப்பு வேறு, ஜபர்தஸ்து வேறு. பிள்ளை நேரத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்று தந்தை கூறுவது கண்டிப்பு. காரணம் கேட்ட பிள்ளையை "வாயை மூடு" என்று அடக்குவது ஜபர்தஸ்து. மகளுக்கு வரன் பார்ப்பது கடமை. நிகாஹ் நாள்வரை அவளிடம் ஒரு வார்த்தையும் கேளாதிருந்து, அன்று சபையினர் காத்திருக்கச் சம்மதம் கேட்பது ஜபர்தஸ்து. அந்நேரத்தில் எந்தப் பெண்ணால் மறுத்துரைக்க இயலும்?

மேலான கையைப் பற்றி நபிமொழியும் பேசுகிறது. அங்கே மேலான கை என்பது கொடுக்கும் கை. வீட்டுத் தலைவரின் கை உயர்வதும் அவ்வழியில்தான்.

உர்தூ முறையில் ஓதத் தொடங்கும் சிறார், எழுத்தின் மேலிடும் அகரக் குறியை 'ஜபர்' என்றே கற்கின்றனர். மேலே நிற்கும் அக்குறி கீழுள்ள எழுத்தை ஒலிக்கச் செய்கிறது. சகோதரியின் கணவருக்கு இந்த ஜபர் போதும்.