பெட்டி பெருசா இருந்தா போதுமா பாஸ்?

செமஸ்டர் லீவு நெருங்கினா போதும், நமக்கு வர்ற மெயில்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, டிவியில ஹெச்.டி. வீடியோ பார்க்க ஒரு பெட்டி வாங்கணும். நல்ல பிராசஸரா ஒண்ணு சொல்லுங்க!"

கேள்வியிலயே ஒரு தப்பு இருக்கு. அந்தத் தப்பை நான் 11,000 ரூபாய் ஃபீஸ் கட்டிக் கத்துக்கிட்டேன். நீங்க ஓசியில கத்துக்கங்க.

காலேஜ் கடைசி வருஷம். நாலு பேர் சேர்ந்து 12 நிமிஷத்துல ஒரு குறும்படம் எடுத்தோம். ஹீரோயின் கிடைக்காததால, காதலே இல்லாத புரட்சிக் கதை! போன்ல 4கே-யில ஷூட்டிங். எடிட்டிங் பண்ணின நண்பன், "இதான் மச்சி லேட்டஸ்ட்"னு ஹெச்.இ.வி.சி. 10 பிட்ல ஃபைலை வெளியே எடுத்துக் கொடுத்தான். நானும் புரிஞ்ச மாதிரியே தலையாட்டினேன்.

வீட்ல புதுசா 4கே டிவி வந்திருந்துச்சு. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கி அதுகூட இணைச்சேன். நாலு கோர் பிராசஸர், 16 ஜி.பி. ராம். ஃபேன் போட்டா ஹெலிகாப்டர் கிளம்புற சத்தம். அது ஒண்ணே போதும், பயங்கர பவர்னு நம்பிட்டேன்.

"படிக்கப் போனியா, படம் எடுக்கப் போனியா?"னு ஆறு மாசமா என்கூடச் சரியாப் பேசாத அப்பா, அன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்து சோபாவுல உட்கார்ந்தார். பிளே பட்டனைத் தட்டினேன். வசனம் ஓடுது. படம் நகரவே இல்லை. பத்து செகண்டுக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் மாறுது. அப்பா கொஞ்ச நேரம் பொறுமையா பார்த்துட்டு கேட்டார்: "போட்டோ எல்லாம் நல்லாத்தான் இருக்கு. படம் எப்படா போடுவே?"

பரோட்டா மாஸ்டர் எங்கே?

ஏன் அப்படி ஆச்சு? சின்னதா ஒரு கணக்கு. ஃபுல் ஹெச்.டி.ன்னா 1920 x 1080, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 20 லட்சம் புள்ளிகள். செகண்டுக்கு 24 ஃப்ரேம். இதை அமுக்காம அப்படியே வெச்சா ஒரு செகண்டுக்கே சுமார் 150 எம்.பி. வரும். ரெண்டு மணி நேரப் படம் ஒரு டெராபைட்டைத் தாண்டிடும்! ஆனா ரெண்டு அடுக்கு ப்ளூ-ரே டிஸ்க்குல இருக்குற இடமே 50 ஜி.பி.தான். 4கே-ன்னா புள்ளிகள் இன்னும் நாலு மடங்கு.

அதனாலதான் வீடியோவை அமுக்கிச் சின்னதாக்குறாங்க. அமுக்குற முறைக்குப் பேருதான் கோடெக். 2003-ல வந்தது ஹெச்.264. 2013-ல ஹெச்.265, அதாவது ஹெச்.இ.வி.சி. 2018-ல ஏ.வி.1. புதுசு வர வர ஃபைல் சின்னதாகும், ஆனா அதைப் பிரிச்சு மறுபடி படமாக்குற வேலை கடினமாகும்.

கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் 500 பேருக்கு அசால்ட்டா சாம்பார் வைப்பார். அவர்கிட்ட போய் நிமிஷத்துக்கு 20 பரோட்டா வீசச் சொன்னா? கை வலிச்சு உட்கார்ந்துடுவார். பரோட்டாவுக்குத் தனி மாஸ்டர் வேணும். பிராசஸர்ங்கிறது அந்தச் சமையல்காரர். வீடியோவைப் பிரிக்கிறதுக்குன்னே சிப்புக்குள்ள இருக்குற ஹார்டுவேர் டிகோடர்தான் பரோட்டா மாஸ்டர். என் 11,000 ரூபாய் பெட்டியில சமையல்காரர் பலசாலி. ஹெச்.இ.வி.சி. தெரிஞ்ச மாஸ்டர் இல்லை. மேட்டர் அவ்வளவுதான்.

முதல்ல ஃபைலைத் திற!

ஆக, பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி ஃபைலைத் திறந்து பாருங்க. வி.எல்.சி. பிளேயர்ல வீடியோவை ஓடவிட்டு 'கன்ட்ரோல் + ஜே' அழுத்தினா கோடெக் பேரு வரும். இன்னும் விவரம் வேணும்னா 'மீடியாஇன்ஃபோ'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. மூணு விஷயம் குறிச்சுக்கங்க: கோடெக் என்ன, ரெசொல்யூஷன் என்ன, 8 பிட்டா 10 பிட்டா? இந்தத் துண்டுச் சீட்டோட கடைக்குப் போங்க. "இதுக்கெல்லாம் ஹார்டுவேர் டிகோடிங் இருக்கா?"ன்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா, சிப்போட ஸ்பெசிஃபிகேஷனை நெட்ல நீங்களே பார்த்துடுங்க.

உதாரணத்துக்கு இன்டெல். 2015-ல வந்த ஆறாவது தலைமுறையில ஹெச்.இ.வி.சி. 8 பிட் உண்டு. 10 பிட் முழுசா வந்தது ஏழாவது தலைமுறையில. ஏ.வி.1-க்கு 2020-ல வந்த பதினொண்ணாவது தலைமுறை வரை காத்திருக்க வேண்டியதா போச்சு. 2023-ல வந்த என்100-ங்கிற குட்டி சிப், வெறும் 6 வாட் ரகம். அது ஏ.வி.1 வரைக்கும் பிரிச்சு மேயும். அதாவது என் ஹெலிகாப்டரை விட இந்தக் கொசு இந்த வேலையில கில்லாடி!

'ராஸ்பெர்ரி பை' ரசிகர்கள் கவனிங்க. 2019-ல வந்த 'பை 4'ல ஹெச்.264, ஹெச்.265 ரெண்டுக்கும் மாஸ்டர் உண்டு. 2023-ல வந்த 'பை 5'ல ஹெச்.264 மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க! பிராசஸர் வேகமானதால ஃபுல் ஹெச்.டி.யை அதுவே சமாளிச்சுடும். ஏ.வி.1-க்கு ரெண்டுலயும் ஆள் இல்லை. புதுசுன்னா எல்லாமே கூடுதலா இருக்கும்னு நம்பாதீங்க.

சாஃப்ட்வேருக்கு 'கோடி' இருக்கு. பேருதான் கோடி, விலை பைசா கிடையாது. பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு, 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி.ங்கிற பேர்ல இருந்தது. அதோட செட்டிங்ஸ்ல டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டை வீடியோவுக்கு ஏத்த மாதிரி மாத்துற வசதி இருக்கு. அதை ஆன் பண்ணிடுங்க. 24 ஃப்ரேம் படத்தை 60 ஹெர்ட்ஸ் டிவியில ஓட்டும்போது வர்ற குட்டிக் குட்டி உதறல் நின்னுடும்.

கோட்டை விடுற இடங்கள்

* கேபிள்: பெட்டி, டிவி ரெண்டுலயும் ஹெச்.டி.எம்.ஐ. 2.0 போர்ட் இருந்தாத்தான் 4கே-யை 60 ஹெர்ட்ஸ்ல பார்க்கலாம். 1.4-ன்னா 30 ஹெர்ட்ஸோட சரி.

* பென் டிரைவ்: ஃபேட்32 ஃபார்மட்ல 4 ஜி.பி.க்கு மேல ஒரே ஃபைலை ஏத்த முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். போடுங்க. அதுல உங்க டிவி எதைப் படிக்கும்னும் பார்த்துக்குங்க.

* சத்தம்: சில டிவிகள் டி.டி.எஸ். ஆடியோவை எடுக்காது. படம் ஓடும், ஹீரோ ஊமையாயிடுவார்.

* ஓ.டி.டி.: பெட்டியில 'வைட்வைன் எல்1' அனுமதி இருக்கணும். எல்3 மட்டும்னா, முக்கியமான ஆப்கள் ஹெச்.டி. காட்டாது. மாசச் சந்தா ஹெச்.டி.க்குக் கட்டிட்டு மங்கலா பார்க்குறதுக்கு அதுதான் காரணம். ஓ.டி.டி. மட்டும்தான் பார்ப்பேன்னா, முறையா சான்றிதழ் வாங்கின ஸ்டிக் போதும், கம்ப்யூட்டரே வேணாம்.

* '4கே சப்போர்ட்'னு ஸ்டிக்கர்: 4கே ஃபைலை வாங்கிக்கும்ங்கிறது வேற, 4கே-யா காட்டும்ங்கிறது வேற. 'நேட்டிவ் ரெசொல்யூஷன்' என்னன்னு கேளுங்க. குறிப்பா புரொஜெக்டர் வாங்குறவங்க!

* பேர் தெரியாத மலிவுப் பெட்டி: 2025 ஜூன்ல அமெரிக்காவோட எஃப்.பி.ஐ. 'பேட்பாக்ஸ் 2.0' பத்தி எச்சரிக்கை விட்டது. சில மலிவு ஸ்ட்ரீமிங் பெட்டிகள் வரும்போதே வைரஸோட வருதாம். உங்க வீட்டு நெட்டை வெச்சு எவனோ திருட்டு வேலை பார்ப்பான். 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இது தேவையா?

சரி, எங்க அப்பா கதைக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஏதோ தோணி, ஃபைலை பென் டிரைவ்ல ஏத்தினேன். "ஃபைல் பெருசு"ன்னு அழுதுச்சு. எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தி மறுபடி ஏத்தி, நேரா டிவியோட யு.எஸ்.பி. ஓட்டையில சொருகினேன்.

வெண்ணெய் மாதிரி ஓடுச்சு! பரோட்டா மாஸ்டர் டிவிக்குள்ளயே இருந்திருக்கார். 11,000 ரூபாய் பெட்டி பக்கத்துல உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சுது. அதனால பெட்டி வாங்கப் போறவங்க முதல் வேலையா வீட்ல இருக்குற டிவியிலயே போட்டுப் பாருங்க. செலவு பூஜ்யம்.

காலையில அப்பா ஆபீஸ் கிளம்பும்போது போட்டுக் காட்டினேன். செருப்பைக் கழட்டாம வாசல்படியிலயே நின்னு 12 நிமிஷமும் பார்த்தார். "உன் பேரு எங்கடா வருது?"ன்னார். "கடைசியில வந்துச்சேப்பா, ஒளிப்பதிவுன்னு."

"கவனிக்கலை. இன்னொரு தடவை போடு"ன்னு செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அன்னிக்கு ஆபீஸுக்கு லேட். அடுத்த வாரம் பார்ப்போம், வர்ட்டா!