இங்கிலீஷ் செலாவணி

இங்கிலீஷ் தெரிந்தால் தேசமெங்கும் போய் வரலாம் என்பது நம்மவரில் படித்தவர்களின் அசையாத நம்பிக்கை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கோ வேறு விதமாகச் சொல்லுகிறது. சுமார் 121 கோடி ஜனங்களில் இங்கிலீஷ் பேசத் தெரியும் என்றவர்கள் ஏறக்குறைய 13 கோடிப் பேர்தான். அதாவது, பத்துப் பேரில் ஒருவர். வழி தெரியாமல் நிற்கும் பிரயாணிக்கு உதவ வேண்டியவர்களோ பெரும்பாலும் மற்ற ஒன்பது பேர்!

காசியையே எடுத்துக் கொள்வோம். ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இங்கிலீஷ் இருக்கிறது. படித்துறைச் சந்துகளில் அது அவ்வளவாகச் செலாவணி ஆவதில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் யாத்திரிகர்கள் தங்கி வரும் அனுமான் கட்டத்தில் தமிழ் காதில் விழுகிறது. இங்கிலீஷ் வருமுன்பே நம் பாட்டிமார் காசிக்குப் போய்த் திரும்பியதும் உண்டல்லவா?

பதில் வராவிட்டால் நம்மவர் சிலர் அதே இங்கிலீஷை இன்னும் உரக்கப் பேசுகிறார்கள். எதிரே நிற்பவர் செவிடரல்லர்; அவருடைய ஊரில் பாஷை தெரியாதவர்கள் நாம்தான்.

சென்னையிலிருந்து காசிக்கு ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர், வழி, விலை, ஒன்று முதல் பத்து - இவற்றுக்கு ஹிந்தியில் என்ன சொல்வது என்று கற்றுக் கொள்ள அந்த நேரம் தாராளமாகப் போதும். பக்கத்து ஆசனத்திலேயே உபாத்தியாயர் அகப்படுவார், சம்பளமும் கேட்கமாட்டார்.