தாத்தா, பாட்டி வேனிலேயே உட்கார வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளோடு தாத்தா, பாட்டியும் சுற்றுலா செல்ல வேண்டும் என்ற தங்கள் கட்டுரையை முழுமனதுடன் ஆமோதிக்கிறேன். ஆனால், போன இடத்தில் அவர்களால் இறங்கி நடக்க முடிகிறதா? கைப்பிடியில்லாத படிகள், உட்கார்ந்து எழ முடியாத கழிப்பறை, நிழலில் ஒரு பெஞ்சுகூட இல்லாத நெடும்பாதை. இவற்றுக்கு அஞ்சியே பாட்டிமார் பலர் பைகளுக்குக் காவலாக வேனிலேயே தங்கிவிடுகிறார்கள். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்குச் சென்னை மெரினா சான்று. 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அங்கே 263 மீட்டர் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தாலும், பின்னர் சீரமைக்கப்பட்டது. மணலில் கால் புதைந்து தடுமாறும் முதியவர்களும் அதன் வழியே அலையருகே செல்ல முடிகிறது.

வெயிலில் முதியவர்களை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில்தான் வர முடியும். காலத்தை மாற்ற இயலாது, நேரத்தை மாற்றலாம். சுற்றுலாத் தலங்களை அதிகாலையிலும் மாலையிலும் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் போதும். கைப்பிடிகளும் சரிவுப் பாதைகளும் வைத்தால் புராதனச் சின்னங்களின் அழகு கெடும் என்பது இன்னொரு வாதம். கல்லைத் தொடாமல், தேவைப்பட்டால் கழற்றிவிடக்கூடிய மரச்சரிவுகளை அமைத்தால் அந்தக் கவலையும் வேண்டாம்.

எத்தனை படிகள், எங்கே பெஞ்சு, எங்கே மேற்கத்திய கழிப்பறை என்பதை ஒவ்வொரு சுற்றுலாத் தலத்தின் நுழைவாயிலிலும் அறிவிப்புப் பலகையாக வைக்க வேண்டும். அடுத்த கோடைக்குள் கைப்பிடிகளையாவது பொருத்தச் சுற்றுலாத் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை