கால் எடுப்பதற்கு முதல் நாள் பார்த்த எச்பிஏ1சி

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு ‘உரிய நடவடிக்கைக்கு’ உங்களுக்கே அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் பேச்சுமூச்சில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருந்தவள் நான். என் அண்ணனுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் நூற்பாலையில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்தன. சர்க்கரையும் வந்தது. பிறகு நடந்தால் கெண்டைக்கால் இறுக்கும், நின்றால் விடும். சர்க்கரைக்குத் தொற்றா நோய்ப் பிரிவில் ஒரு நோட்டு, மூச்சுக்கு நெஞ்சக நோய்ப் பிரிவில் ஒரு சீட்டு, காலுக்கு எலும்பு டாக்டரிடம் இன்னொரு சீட்டு. மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்த டாக்டர் ஒருவர்கூட இல்லை.

அந்தச் சர்க்கரை நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. ரேண்டம் சுகர் 168, மாத்திரை தொடரவும். 174, மாத்திரை தொடரவும். பக்கத்துக்குப் பக்கம் இதேதான். பரிசோதனைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே அண்ணன் வாயைக் கட்டுவார். அநேகமாக எல்லோரும் செய்வதுதான். இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சியிடம் அது பலிக்காது. ஒரு இளம் டாக்டர் அதை எழுதியும் இருக்கிறார். பக்கத்தில் வேறு கையெழுத்தில் ‘ரீஏஜென்ட் இல்லை’. நாலு பக்கம் தள்ளி மறுபடியும் ‘ரீஏஜென்ட் இல்லை’. அதற்குப் பிறகு யாரும் எழுதவே இல்லை.

மூச்சு இரைப்பு கூடும்போதெல்லாம் அடுத்த கட்டடத்து நெஞ்சக நோய்ப் பிரிவில் ப்ரெட்னிசோலோன் கொடுத்தார்கள். மூச்சுக்கு அது தேவையாகவே இருக்கட்டும். அது சர்க்கரையை ஏற்றும் என்று சர்க்கரைப் பிரிவுக்கு ஒரு வரி எழுத வேண்டாமா? ஸ்டீராய்டு எதுவும் தொடங்கும் முன் எடுத்த ரத்தச் சீட்டில் ஈசினோபில் 80 என்று கருவியே அச்சிட்டிருக்கிறது. அண்ணனைப் போன்ற சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு அது 100-க்குக் கீழே இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலரால் பலன் சொற்பம், நிமோனியா ஆபத்தோ அதிகம். அப்படியும் அதே இன்ஹேலரைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்க்க ரீஏஜென்ட் தேவையில்லை, கண் போதும்.

கெண்டைக்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுத்துக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டிருந்தால் ரத்தக்குழாய் அடைப்பு தெரிந்திருக்கும். சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்றும் பார்க்கவில்லை. வலி மாத்திரை கொடுக்கும் முன் சிறுநீரகத்தைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

பெருவிரலில் புண் வந்து அறுவைப் பிரிவில் சேர்த்தோம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி 186. கால் எடுப்பதற்கு முதல் நாள், வெளியே பார்த்துவரச் சொன்னார்கள்: எச்பிஏ1சி 11.4. இத்தனை வருட வைத்தியத்தில் அதுதான் முதல் எச்பிஏ1சி! மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நோட்டும் சீட்டுமாகத்தான் மூன்று, உடம்பு ஒன்றுதான். இந்த நோய்களை இணைக்கும் இழை அழற்சி. கொழுப்புத் திசுவில் உண்டாகும் அழற்சிப் புரதம் இன்சுலினுக்குக் குறுக்கே நிற்பதை 1993-லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள். கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கினாலே மாரடைப்பு குறைகிறது என்று, ஒருமுறை மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் நடத்திய கான்டோஸ் ஆய்வு 2017-இல் சொன்னது. நம் செங்காந்தள் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசினும் அரை மில்லிகிராம் அளவில் இதய நோயாளிகளுக்கு உதவுகிறது. 2023-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. மூலனூர்க் காட்டில் விளைகிற விதை அது. அவ்வளவு தூரம்கூட நான் போகவில்லை. இருபது முப்பது வருடப் பழைய பரிசோதனைகளைத்தான் கேட்கிறேன்.

முடியாது என்று சொல்லாதீர்கள். கொரோனா காலத்தில் உங்கள் மருத்துவமனையின் இதே ஆய்வகம் சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் என்று இரவு பகலாகப் பார்த்துக் கொடுத்தது. அப்போது ரீஏஜென்ட் வந்தது. சாவு வேகமாக வந்தால்தான் அசைவீர்களா? மெதுவாகச் சாகிறவர்கள் உங்கள் கணக்கில் வர மாட்டார்களா?

ரீஏஜென்ட் தீர்வதற்கு முன்பே இண்டென்ட் போட வேண்டியவர் யார்? அவரிடம் நீங்கள் விளக்கம் கேட்டீர்களா? ‘இந்தப் பரிசோதனை இங்கே இல்லை, வெளியே எடுங்கள்’ என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடன்பட்டாவது எடுத்திருப்போம். ‘மாத்திரை தொடரவும்’ என்று எழுதினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி அவர் வீட்டுக்கு வந்தார்.

இன்னொரு காலிலும் இப்போது அதே இறுக்கம். வருகிற வெள்ளிக்கிழமை ரிவ்யூ. அன்றைக்கு எச்பிஏ1சி, சிறுநீர் அல்புமின், கணுக்கால் அழுத்தம் மூன்றையும் பார்த்து, ஒரே கோப்பில் எழுதித் தர வேண்டும். அவருக்கு மட்டுமல்ல, அன்று அந்த வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும்.

இப்படிக்கு,
அந்த நோயாளியின் தங்கை