இருப்பு இல்லை!

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்ஸில், மடியில் ஐஸ் நிரப்பிய பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால், மீன் வாங்கிப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். பெட்டியில் இருந்தவை ஊசி மருந்துகள். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. எட்டைத் தாண்டவும் கூடாது. வத்தலக்குண்டு வெயிலில் ஒரு தரமும் பெருமாள்மலைப் பனியில் ஒரு தரமுமாக மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே போனவள் நான்தான்.

அப்போது எனக்கு வயது 34. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஏ.எம்.ஹெச். என்ற மூன்றெழுத்துக்கு எதிரே 0.6 என்று அச்சாகியிருந்தது. டாக்டரம்மாள் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “கருமுட்டை இருப்பு ரொம்பக் குறைவு. காலத்தை வீணாக்காதீங்க. வேறொரு பெண்ணோட முட்டையை வைச்சு முடிச்சுடலாம்” என்றார். ரேஷன் கடை வாசலில் ‘இருப்பு இல்லை’ என்று பலகை மாட்டுவார்களே, அதை என் கழுத்தில் மாட்டிவிட்டது போலிருந்தது. அந்த அறையில் நான் இருந்த நேரம் பத்து நிமிஷம்கூட இராது.

அந்த எண் என்ன சொல்கிறது என்பதை நானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை சுமார் நானூறு. இயற்கையைப் போல் ஊதாரி எவளும் இல்லை! ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் திரளும் என்பதை ஏ.எம்.ஹெச். ஓரளவு முன்கூட்டிச் சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. அதற்கு வயதுதான் பெரிய சாட்சி. 2017-இல் அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையுள்ள 750 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மலட்டுத்தன்மை என்ற பேச்சே இதற்குமுன் எழாத பெண்கள் அவர்கள். இந்த எண் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள்.

இருப்புக் குறைவு பொய் என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு ஊசி போட்டுத் திரண்டவை இரண்டே முட்டைகள். மற்றவர்களுக்கு எட்டு, பத்து என்று திரளுமாம். எனக்கு அது நஷ்டந்தான். ஆனால் நஷ்டத்தைக் காட்டி மிரட்டி அடுத்த சரக்கை விற்பது வைத்தியமா, வியாபாரமா?

சட்டம் இருக்கிறது ஐயா! 2021-ஆம் வருஷத்துச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், வெற்றி வாய்ப்பு, செலவு, ஆபத்து எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்கிறது. எனக்கு விளக்கப்பட்டது ‘பாக்கேஜ்’ விலை மட்டுமே.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு கோர்ட்டு. “குறிஞ்சியே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்குது, கண்ணு. உனக்கும் பூக்கும்” என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நல்ல மனசு. ஆனால் 2018-இல் பூத்த குறிஞ்சிக்கு 2030 வரை பொறுமை உண்டு. 34 வயதுக்காரிக்கு உண்டா? என் அத்தை பூம்பாறைக் குழந்தை வேலப்பருக்கு வேண்டிக்கொண்டு, பழனிக்கும் நடந்தே போய் வந்தார். அந்தக் கால்களை நான் பரிகசிக்க மாட்டேன். ஒன்றுதான் கேட்டேன்: “அத்தை, உங்க பிள்ளைக்கு இன்னும் ஒரு பரிசோதனைகூட எடுக்கலையே?” வீடு அமைதியாகிவிட்டது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் குறையும் உண்டு. அவருக்கான சோதனைக்குக் கத்தியும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம். இருந்தும் முதலில் படுக்கையில் ஏறுகிறவள் பெண்தான்.

முட்டை எடுப்பதற்கு 36 மணி முன்பாகப் போடும் ஊசி எனக்கு இரவு பத்தரைக்கு. ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. கம்பளியை விலக்கி வயிற்றில் குத்திக்கொண்டபோது, அந்த ‘வேறொரு பெண்’ ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தானே குத்திக்கொள்வாள்? அவளுக்கு யார் ஐஸ் பெட்டி சுமப்பார்கள்? முட்டை கொடுப்பவளுக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது சட்டம். அது அமலுக்கு வந்த 2022-லேயே, ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியை ஆதார் அட்டையில் பெரியவளாக்கி, பலமுறை முட்டை எடுக்க வைத்த வழக்கு வெளிவந்தது. சட்டப்படி மனமுவந்து கொடுப்பவளை நான் குறை சொல்லவில்லை, வாங்கிக்கொள்பவளையும் சொல்லவில்லை. “யார் அந்தப் பெண்?” என்று நான் கேட்டதற்கு, “சின்னப் பொண்ணுதான், நல்ல கலர்” என்று பதில் வந்ததே, அந்தப் பதிலைத்தான் குறை சொல்கிறேன்.

1978-இல் கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தார். விசாரணைக் குழு நம்ப மறுத்தது. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அன்று சந்தேகப்பட வேண்டாத இடத்தில் சந்தேகப்பட்டோம். இன்று விளம்பரப் பலகையில் உள்ள குழந்தைப் படத்தைப் பார்த்துக் கேள்வியே கேட்காமல் பணம் கட்டுகிறோம்.

உங்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்டுக் கடிதம் எழுதப் போகிறீர்கள். எழுத வேண்டாம், சொல்லப் போவதில்லை. பிறந்தது என்றால் அந்தப் பத்து நிமிஷத்தை மன்னித்துவிடுவீர்கள். இல்லை என்றால் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவீர்கள். நான் கேட்பது வேறு. அந்தத் தாளை நீட்டும்போது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று டாக்டர் வாய் திறந்து சொல்லட்டும். கணவனையும் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லட்டும்.