டீசல் பிக்கப்புக்கு எக்ஸ்ட்ரா ஃபில்டர்: தாராளமா போடுங்க, ஆனா வாயையும் விரலையும் தள்ளியே வைங்க

1/ போன மாசம் ஒரு நைட் டியூட்டி. 34 வயசுக்காரர் ஒருத்தரை ஆட்டோவில் கூட்டிட்டு வந்தாங்க. சொந்தமா டீசல் பிக்கப் வச்சு காய்கறி லோடு அடிக்கிறவர். விடாத இருமல், மூச்சு இரைப்பு, காய்ச்சல். கிட்டப் போனாலே டீசல் வாடை. "என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். "வண்டிக்கு எக்ஸ்ட்ரா ஃபில்டர் மாட்டினேன் சார். லைன்ல ஏர் நின்னுடுச்சு. ஹோஸை வாயில வச்சு ஒரே ஒரு இழு இழுத்தேன்" என்றார்.

2/ அந்த ஒரு இழுப்பில் கொஞ்சம் டீசல் புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் ரெண்டு வாரம் லோடு ஏற்ற முடியவில்லை. இப்போ நல்லா இருக்கார். "பேரு மட்டும் போடாம எழுதுங்க சார், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னதால்தான் இந்தப் பதிவு.

3/ ஏன் இந்த வேலையில் இறங்கினார்? போன வருஷம் டீசலில் தண்ணி கலந்து ரெண்டு இன்ஜெக்டர் போயிருக்கு. வண்டி பதினோரு நாள் ஷெட்டில். பில் 70,000 ரூபாயைத் தாண்டியிருக்கு. அந்த மாச டியூ கட்ட மனைவியின் வளையலை அடகு வைத்திருக்கிறார். "இனிமே இது நடக்கக் கூடாது" என்று கையில் இருந்த காசுக்கு ஒரு ஃபில்டர் வாங்கி, வீடியோ பார்த்து தானே மாட்டியிருக்கிறார். அவர் நினைத்தது நூற்றுக்கு நூறு சரி. செய்த விதம்தான் தப்பு. ரெண்டையும் தனித்தனியா பேசணும்.

4/ டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்பீங்க. ஃபில்டர் என்றால் எங்களுக்கு கிட்னி. நம்ம ரெண்டு கிட்னியும் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது. ஆனா சிறுநீரா வெளியே போறது ஒன்றரை லிட்டர் போலத்தான், மீதி உடம்புக்கே திரும்புது. காமன் ரெயில் டீசல் வண்டியும் அப்படித்தான். டேங்கிலிருந்து இழுக்கும் டீசல் எல்லாம் எரிவதில்லை. ஒரு பகுதி ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திரும்புது. அதனால் நீங்க எரிக்கிற டீசலை விட அதிகமா ஃபில்டர் வடிகட்டுது.

5/ தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ரத்தத்தின் சிவப்பணு 7 மைக்ரான் போல. இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளிகள் அதையும் விடக் குறைவு, சில மைக்ரான்தான். அதற்குள் டீசல் 1,600 பார் அழுத்தத்தில் பாயுது, சில வண்டிகளில் 2,000 பாருக்கும் மேல். கார் டயரில் இருக்கும் காற்று ரெண்டு பார் சொச்சம்தான். அந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசியும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தண்ணி வந்தால் துரு பிடிக்கும், வழுவழுப்பும் போகும். ஒரு தடவை தேய்ந்தது திரும்ப வளராது.

6/ தண்ணி எங்கிருந்து வருது? எல்லாம் பங்கில் கலக்கிறாங்கன்னு நினைக்காதீங்க. திரும்பி வரும் டீசல் சூடா இருக்கும். ராத்திரி டேங்க் குளிரும்போது, காலியா இருக்கும் இடத்தில் உள்ள ஈரக் காற்று வியர்த்து தண்ணியாகும். தண்ணி டீசலை விட கனம், அடியில் போய்த் தங்கும். அந்தத் தண்ணியும் டீசலும் தொடும் இடத்தில் பூஞ்சையே வளரும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்று அதற்குப் பேர்கூட இருக்கு. ஃபில்டரைக் கழற்றும்போது கருப்பா, வழவழன்னு பாசி மாதிரி இருந்தால் அதையும் சந்தேகப்படுங்க.

7/ இப்போ என் கருத்து. எக்ஸ்ட்ரா ஃபில்டர் வாங்கும் முன்னாடி, செய்ய வேண்டிய நாலு விஷயம் இருக்கு. இதைச் செய்யாமல் எக்ஸ்ட்ரா ஃபில்டர் மாட்டுவது, இருக்கும் ரெண்டு கிட்னியையும் கவனிக்காமல் மூணாவது கிட்னிக்கு அலைவது மாதிரி.
அ) கம்பெனி ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து, வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி தண்ணியை வடிங்க. மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி.
ஆ) சொன்ன கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றுங்க. "இன்னும் ஓடும்ணே" என்று தள்ளாதீங்க. டூப்ளிகேட் வேண்டாம்.
இ) ராத்திரி நிறுத்தும்போது டேங்க் முக்கால்வாசி இருக்கட்டும்.
ஈ) டேஷ்போர்டில் தண்ணி விளக்கு எரிந்தால் "ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்" வேண்டாம். ஓரம் கட்டி வடிங்க.

8/ இதோடு டீசல் போட்டால் பில் வாங்குங்க. டேங்கர் வந்து இறக்கிட்டு இருக்கும் நேரத்தில் போடாதீங்க, அடியில் கிடப்பது கலங்கி வரலாம். சந்தேகம் வந்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைங்க. தண்ணி இருந்தால் அடியில் தனியா நிற்கும். பில்லும் பாட்டிலும் கையில் இருந்தால்தான் நாளைக்கு யாரிடமும் நியாயம் கேட்க முடியும்.

9/ அப்போ எக்ஸ்ட்ரா ஃபில்டர் யாருக்கு? எல்லாருக்கும் ஒரே மாத்திரை கிடையாது. டவுனுக்குள் ஓட்டி, கூட்டம் வரும் பங்கில் போட்டு, நேரத்துக்கு சர்வீஸ் விடறவங்களுக்கு அவசியம் இல்லை. டிரம்மில், கேனில் வாங்கி வைத்து ஊற்றுறவங்க, குவாரி, செங்கல் சூளை மாதிரி புழுதியில் ஓடுறவங்க, வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி எடுக்கிறவங்க, ஏற்கனவே ஒரு தடவை அடி வாங்கினவங்க, இவங்களுக்கு நல்ல காப்பு. வாரன்டியில் இருக்கும் வண்டியா? சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுத்தில் வாங்கின பிறகுதான் லைனில் கை வைக்கணும்.

10/ எதை வாங்குவது? பைக்குக்குப் போடும் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர் வேண்டாம், அது தண்ணியைப் பிடிக்காது. அடியில் கிண்ணமும் வடி திருகும் உள்ள வாட்டர் செப்பரேட்டர் வாங்குங்க. கிண்ணம் கண்ணாடி மாதிரி தெரிந்தால் இன்னும் நல்லது, தண்ணி நிற்பது கண்ணில் படும். "ரெண்டு மைக்ரான் சார், சூப்பர்" என்று கடையில் சொல்வார்கள். ஏமாறாதீங்க. முன்னாடி வருவது பெரிய கண்ணாக, 30 அல்லது 10 மைக்ரானாக இருக்கட்டும். நுணுக்கமான வேலையை கம்பெனி ஃபில்டர் பார்த்துக்கும். சல்லடையில் சலித்த பிறகுதான் துணியில் வடிகட்டணும்.

11/ எங்கே மாட்டுவது? டேங்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவில். பம்ப் அடித்துக் கலக்குவதற்கு முன்னாடி தண்ணியைப் பிரிப்பது சுலபம். ஹை பிரஷர் பம்ப்புக்குப் பிறகு வரும் இரும்புக் குழாய்ப் பக்கம் எதையும் செருகவே கூடாது. பல பிக்கப்புகளில் டீசலை உறிஞ்சித்தான் இழுக்குது. அங்கே ரொம்ப நுணுக்கமான ஃபில்டரோ சின்ன ஹோஸோ போட்டால் மூக்கை அடைத்துக்கொண்டு ஓடுவது மாதிரி. மேட்டில் இழுவை போகும். டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் உள்ள வண்டி என்றால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஃபில்டரும் ஹோஸும் வேணும். உங்க வண்டி எது என்று மெக்கானிக்கிடம் கேட்டுட்டு வாங்குங்க.

12/ காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஹோஸும் கிளிப்பும் இல்லை. டீசலுக்கென்றே வரும் ஹோஸ் வாங்குங்க, தண்ணி டியூப் உப்பி வெடித்துவிடும். சைலன்சர், டர்போ பக்கம் போகக் கூடாது. ஃபில்டரில் போட்டிருக்கும் அம்புக்குறி இன்ஜினைப் பார்க்கணும். இன்னொரு விஷயம்: உறிஞ்சும் லைனில் கிளிப் தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாமலே உள்ளே காற்றை இழுக்கலாம். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் முதலில் நீங்க மாட்டின ஜாயின்ட்டைப் பாருங்க.

13/ இப்போ நான் எழுத வந்த விஷயம். ஏர் எடுக்க கையால் அமுக்கும் பிரைமர் பம்ப் இருக்கு. வண்டியில் இல்லாவிட்டால் ரப்பர் பல்ப் வைத்தது தனியா கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். என் நோயாளி மிச்சம் பிடித்தது அதைத்தான். டீசல் தண்ணியை மாதிரி நம்ம தொண்டைக்குக் கட்டுப்படாது. சரசரன்னு மூச்சுக்குழாயில் இறங்கிப் பரவும். கிருமியே இல்லாமல் நுரையீரல் வெந்து போகும். ஹைட்ரோகார்பன் நிமோனைட்டிஸ் என்கிறோம். உலகம் முழுக்க டீசலை வாயால் இழுத்தவர்களுக்கு வருவதால் மருத்துவ இதழ்களில் அதற்கென்று தனிப் பேரே வைத்திருக்கிறார்கள்.

14/ யாராவது விழுங்கிட்டாங்கன்னா: உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. விரலை விட்டு குடையாதீங்க. பால், முட்டை எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் மேலே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். டீசல் பட்ட சட்டையைக் கழற்றி, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. இப்போ நல்லாத்தானே இருக்கார்னு விடாதீங்க, இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரும்.

15/ அடுத்தது விரல். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் லைனில் கசிவு இருக்கா என்று விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் பல பேருக்கு இருக்கு. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போயிடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின புள்ளி, வலியும் முதலில் அவ்வளவா இருக்காது. உள்ளே சதை செத்துக்கிட்டு இருக்கும். இது "நாளைக்குப் பார்க்கலாம்" ரகம் இல்லை. சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவு பார்க்க அட்டைத் துண்டு போதும். டாக்டரிடமும் "டீசல் பிரஷரில் அடிச்சது" என்று வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லாவிட்டால் டிடி ஊசி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

16/ புது ஃபில்டர் மாட்டும்போது நடு ஓட்டையில் கேன் டீசலை ஊற்றி நிரப்பாதீங்க. அது வடிகட்டின பிறகு டீசல் வெளியே வரும் பக்கம். அங்கே ஊற்றினால் வடிகட்டாத தூசி நேரா இன்ஜெக்டருக்குத்தான் போகும். காலியா மாட்டி, பிரைமரால் நிரப்புங்க. கையில் கிளவுஸ் போடுங்க. வேலை முடிந்து டீசலில் கை கழுவுற மெக்கானிக் தம்பிகளே, கையில் வரும் வெடிப்புக்கும் அரிப்புக்கும் அதுதான் காரணம். சோப்பு போதும்.

17/ என் நோயாளி மறுபரிசோதனைக்கு வந்தப்போ கணக்குப் போட்டோம். ஃபில்டர், ஹோஸ், கிளிப், பிரைமர், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து எங்க ஊரில் 4,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அவர் தனியா செஞ்சதில் மிச்சம் பிடித்தது 900 ரூபாய். இழந்தது மூணு வாரச் சம்பாத்தியம். "900 ரூபாய்க்கு நுரையீரலை வாடகைக்கு விட்டேன் சார்" என்று அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

18/ வண்டி வைத்துப் பிழைக்கிறவங்களுக்கு இன்ஜின்தான் சோறு. அதைக் காப்பாத்த நாலு காசு செலவழிப்பதில் தப்பே இல்லை. ஆனா அந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைக்கும். ஓட்டுறவருக்குக் கிடைக்காது. உங்க வீட்டில், தெருவில் பிக்கப் ஓட்டுற அண்ணன் தம்பி யாராவது இருந்தால் 13, 14, 15 மூணையும் வாசிச்சுக் காட்டுங்க. மீதியை அவங்களே எனக்குச் சொல்லித் தருவாங்க.